உறுப்பினர் சேர்க்கப் பாயிண்ட் கொடுப்பதற்கு முன்னால்

இணையதளமோ ஆப்போ தொடங்குகிறவர்களுக்கு உறுப்பினர் சமூகத்தைக் கட்டி நடத்திக் கொடுப்பது என் வேலை. வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "சேர்ந்ததும் எத்தனை பாயிண்ட் கொடுக்கலாம்?" என்பதுதான். சரி, கொடுக்கலாம், ஆனால் புதிதாக வந்தவர் ஒரு கேள்வி போட்டால் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான்.

பாயிண்ட் வேலை செய்யாது என்று சொல்லவில்லை. நன்றாகவே செய்யும், சிக்கலே அதுதான். எதற்குக் கொடுக்கிறோமோ அது மட்டும் கச்சிதமாக நடக்கும். ஒவ்வொரு கமெண்டுக்கும் 5 பாயிண்ட் என்று அறிவித்துப் பாருங்கள், "அருமை", "சூப்பர்", "பகிர்வுக்கு நன்றி" என்று பக்கம் முழுக்க நிரம்பி, அதுவரை உருப்படியாக எழுதிக்கொண்டிருந்த நாலு பேரும் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடுவார்கள். நண்பரைச் சேர்த்தால் பரிசு என்றால் கேட்கவே வேண்டாம், ஒரே ஆள் பத்து மெயில் ஐடியோடு வந்து நிற்பார். அந்தப் பரிசைச் சேர்ந்த அன்றே கொடுக்காமல், சேர்ந்தவர் ஏதாவது ஒன்றை உண்மையாகவே பயன்படுத்திய பிறகு கொடுத்தால் இந்தக் கூட்டம் பாதி குறையும்.

2008-இல் வந்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோ (புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான கேள்வி-பதில் தளம்) இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்தது. அங்கே பாயிண்டை வைத்து எதையும் வாங்க முடியாது. பல வருடம் அங்கே இருந்த விதிப்படி, 15 வந்தால் பிறர் பதிவுக்கு ஆதரவு வாக்குப் போடலாம், 50 வந்தால் எங்கும் கமெண்ட் எழுதலாம், 2,000 தாண்டினால் அடுத்தவர் எழுதியதையே நேரடியாகத் திருத்தலாம். பரிசே பொறுப்புதான். விக்கிப்பீடியாவில் இன்னொரு வழி. ஒரு பயனர் இன்னொருவரின் உழைப்பைப் பார்த்து, தானாகவே அவருக்கு ஒரு நட்சத்திரப் பதக்கம் கொடுப்பார். காசுக்கு ஆகாத படம்தான், ஆனாலும் மெஷின் அனுப்பும் "வாழ்த்துகள், நீங்கள் வெண்கல நிலையை அடைந்துவிட்டீர்கள்!" என்ற மெயிலைவிட அதற்கு மதிப்பு அதிகம். அந்த மெயிலை யாராவது முழுசாகப் படிக்கிறார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

அப்புறம், ஆரம்பத்திலேயே கொஞ்சம் நிரப்பிக் கொடுக்கும் தந்திரம். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், கார் கழுவும் இடத்தில் பாதிப் பேருக்கு 8 முத்திரைக்கான காலி அட்டையும், மீதிப் பேருக்கு 2 முத்திரை ஏற்கெனவே குத்திய 10 கட்ட அட்டையும் கொடுத்தார்கள். இருவருக்கும் பாக்கி 8 தான். ஆனால் முதல் வகையில் 19 சதவீதம் பேரும் இரண்டாம் வகையில் 34 சதவீதம் பேரும் அட்டையை முடித்தார்கள். "உங்கள் புரொஃபைல் 40% முடிந்தது" என்று ஆப் காட்டுவதும் இதே கணக்குதான். உறுப்பினராக இருக்கிறவர்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, மீதி 60-இல் கேட்கப்படுவது பெரும்பாலும் உங்கள் போன் நம்பரும் பிறந்த தேதியும்தான்.

தொடர் நாள் கணக்கு, அதாவது ஒரு நாளும் விடாமல் எத்தனை நாள் வந்தீர்கள் என்று எண்ணிக் காட்டுவது, எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆசையில் வந்தவரைக் கொஞ்ச நாளில் பயத்தில் வர வைத்துவிடும், ஒரு நாள் காய்ச்சலில் விட்டுப்போய்க் கணக்கு பூஜ்யமானால் ஆள் திரும்பி வராமலே போய்விடுவதும் உண்டு. புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் கோடைச் சேர்த்து வைக்கும் தளமான கிட்ஹப் 2016-இல் புரொஃபைல் பக்கத்திலிருந்து அந்த எண்ணை எடுத்தேவிட்டது. வைத்தே ஆகவேண்டும் என்றால் மாதம் இரண்டு நாளாவது லீவு கொடுங்கள்.

பாயிண்ட் எப்போது காலாவதியாகும் என்பதைச் சேரும் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். அந்த விதியைப் பாதி வழியில் மாற்றினால் முதலில் சண்டைக்கு வருவது நேற்றுச் சேர்ந்தவர் இல்லை, இத்தனை நாள் உங்களுக்காகச் சும்மாவே பதில் எழுதிக்கொண்டிருந்த பழைய ஆள்.