ஹோமில் இருக்கும் பிள்ளைக்கு அடிபட்டால் யாரைக் கேட்பது?

எங்கள் தெருமுனையில், வியாசர்பாடியில், இட்லிக் கடை போடும் அக்காவின் பையன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போய், சென்ட்ரல் ஸ்டேஷனில் போலீஸ் கண்ணில் பட்டு, கடைசியில் ஒரு ஹோமில் சேர்ந்தான். பிள்ளை கிடைத்துவிட்டான் என்ற நிம்மதி அக்காவுக்கு ரெண்டு நாள்தான் இருந்தது. பார்க்கப் போனால் கன்னம் வீங்கியிருக்கிறது. கேட்டால், "பசங்களுக்குள்ள அடிச்சிக்கிட்டாங்கம்மா." சரி, பையனை அனுப்புங்கள் என்றால், "அது எங்க கையில இல்ல, கமிட்டிதான் சொல்லணும்." கமிட்டி எங்கே உட்கார்கிறது என்று அவருக்கும் தெரியாது, கூடப் போன எனக்கும் தெரியாது. ரெண்டு வாரம் அலைந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 2015-ல் வந்த இளைஞர் நீதிச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. 18 வயது நிறையாத எல்லோரும் இதன்படி குழந்தைகள். ஓடிவந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், வேலைக்கு வைக்கப்பட்டு மீட்கப்பட்டவர்கள், வீட்டிலேயே கொடுமைக்கு ஆளானவர்கள் எல்லாம் "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள்". இவர்கள் விஷயத்தை முடிவு செய்வது குழந்தைகள் நலக் குழு. அக்காவிடம் சொன்ன "கமிட்டி" இதுதான். தலைவரும் நாலு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழுவுக்கு நீதித்துறை நடுவரின், அதாவது மாஜிஸ்ட்ரேட்டின், அதிகாரம் உண்டு. குற்ற வழக்கில் சிக்கிய சிறார்கள் வேறு கணக்கு. அவர்கள் இளைஞர் நீதிக் குழுமத்தின் கீழ் வருவார்கள், அவர்களை வைப்பது விசாரணை நடக்கும்போது கூர்நோக்கு இல்லம், குற்றம் செய்ததாக முடிவான பிறகு சிறப்பு இல்லம். எந்த வகையாக இருந்தாலும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழுவிடமோ குழுமத்திடமோ கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் புரிய வேண்டும். பிள்ளை ஹோமில் இருப்பது யாரோ இரக்கப்பட்டு இடம் கொடுத்ததால் இல்லை, ஓர் உத்தரவின் பேரில்தான் அவன் அங்கே இருக்கிறான். அதனால் நாம் முதலில் கேட்க வேண்டியது அந்த உத்தரவின் நகல். அது கையில் வந்த பிறகுதான் எந்தக் குழு, எந்தத் தேதி, எந்த இல்லம், எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் தெரியவரும். விசாரணையை முடித்து இறுதி உத்தரவு போட அந்தக் குழுவுக்கு 4 மாதம் அவகாசம். பிடிக்காத உத்தரவு என்றால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அக்காவுக்கு இதை ஒருத்தரும் சொல்லவில்லை. வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்துகொண்டிருந்தார்.

அப்புறம், யார் பொறுப்பு என்ற கேள்வி. இல்லத்துக்குள் நடப்பதற்குக் கண்காணிப்பாளர் பொறுப்பு, இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சட்டம் அவரோடு நிற்கவில்லை, அவரைப் பார்க்க இன்னொருத்தர், அவரைப் பார்க்க வேறொருத்தர் என்று அடுக்கி வைத்திருக்கிறது. நலக் குழு மாதத்துக்கு 2 தடவையாவது இல்லங்களுக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கூர்நோக்கு இல்லத்துக்கு இளைஞர் நீதிக் குழுமம் மாதம் ஒரு தடவையாவது போக வேண்டும். இது போக, 54-வது பிரிவின்படி மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் தனியாக ஆய்வுக் குழுக்கள் உண்டு. 3 பேருக்குக் குறையாமல், அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் இருக்கும்படி, 3 மாதத்துக்கு ஒரு தடவையாவது எல்லா இல்லங்களையும் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வந்த ஒரு வாரத்துக்குள் அறிக்கை, அறிக்கை வந்த ஒரு மாதத்துக்குள் நடவடிக்கை.

கூட்டிப் பாருங்கள், ஒரு குழந்தைகள் இல்லத்தில் வருஷத்துக்கு நலக் குழுவின் பார்வை மட்டும் 24, ஆய்வுக் குழுவின் பார்வை 4. இத்தனை பேர் வந்து போன இடத்தில் ஒரு பிள்ளையை மாதக்கணக்கில் அடிக்கிறார்கள் என்றால், ஒன்று வர வேண்டியவர்கள் வரவில்லை, இல்லாவிட்டால் வந்தும் ஆபீஸ் ரூமில் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதனால் அடித்தவர் யார் என்பதோடு நம் கேள்வி நிற்கக் கூடாது. கடைசியாக யார் எப்போது வந்து பார்த்தார், என்ன எழுதி வைத்தார் என்பதையும் கேட்க வேண்டும். ஒரு வார்டன் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு மற்றவர்கள் நழுவ முடியாமல் செய்வது அந்தக் கேள்விதான்.

செங்கல்பட்டை மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே உள்ள அரசு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் 2022 டிசம்பர் 31-ம் தேதி இறந்துபோனான். திருட்டு வழக்கில் பிடித்துக் கொண்டுவந்த பையன். அடித்ததில் இறந்தான் என்று வழக்கானது, அங்கே வேலை பார்த்த 6 பேர் கைதானார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு போட்டது, அந்த அறிக்கை 2023 நவம்பரில் முதல்வர் கைக்குப் போனது. இந்த அரசு இல்லங்களைப் பார்த்துக்கொள்ளும், சமூகப் பாதுகாப்புத் துறை என்று சென்னை கெல்லீஸில் இயங்கிவந்த துறைக்கு இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை என்று பெயர். போர்டு மாறியது சரி, உள்ளே என்ன மாறியது என்று பார்க்க மறுபடியும் அந்த ஆய்வு அறிக்கைகளைத்தான் புரட்ட வேண்டும்.

ராயபுரமும் ஞாபகம் இருக்கலாம். 2020 ஜூனில் அங்கே அரசு இல்லத்தில் 35 பிள்ளைகளுக்குக் கொரோனா வந்தது. எப்படி வந்தது, என்ன செய்தீர்கள் என்று தமிழ்நாடு அரசிடம் உச்ச நீதிமன்றமே விளக்கம் கேட்டது. அடிதடி மட்டும் இல்லை, நோய், சாப்பாடு, படுக்கிற இடம் எல்லாமே "பாதுகாப்பு" என்ற சொல்லுக்குள் வரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தண்டனைக் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று இல்லத்தில் பிள்ளையை அடித்தால், 82-வது பிரிவின்படி முதல் தடவை வெறும் 10,000 ரூபாய் அபராதம். ஆனால் அப்படி ஒரு புகார் வந்து, நிர்வாகம் விசாரணைக்கு ஒத்துழைக்காமல் மூடி மறைத்தால், பொறுப்பில் இருப்பவருக்குக் குறைந்தது 3 வருஷம் ஜெயில். கொடுமை என்ற அளவுக்குப் போனால் 75-வது பிரிவு, இல்லத்து ஊழியருக்கு 5 வருஷம் வரை கடுங்காவல், 5 லட்சம் வரை அபராதம். ஆனால் 2021-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, இந்தச் சட்டத்தில் 3 முதல் 7 வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் நடுவர் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக வழக்குப் போட முடியாதபடி செய்துவிட்டார்கள். ஹோமில் இருக்கும் பிள்ளை எந்த நடுவரைத் தேடிப் போகும்? எனக்கு இது கொஞ்சமும் சரியாகப் படவில்லை.

பாலியல் தொல்லை என்றால் போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் தனிச் சட்டம், அதில் இந்தத் தடை கிடையாது. போலீஸ் உடனே எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும். இல்லத்தில் வேலை பார்ப்பவரே செய்திருந்தால் அது கூடுதல் கடுமையான குற்றம், வன்புணர்வுக்குக் குறைந்தபட்சமே 20 வருஷம். தெரிந்தும் சொல்லாதவருக்கும் தண்டனை உண்டு, தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைத்த நிர்வாகிக்கு ஒரு வருஷம் வரை.

இனி, போய் நிற்க வேண்டிய இடம். அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, ராத்திரியிலும் எடுப்பார்கள். அவசரம் இல்லாத, ஆனால் விடக் கூடாத விஷயம் என்றால் எழுத்தில் கொடுங்கள். ஒன்று நலக் குழுவுக்கு, ஒன்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு, ஒன்று கலெக்டருக்கு. கலெக்டரை விட்டுவிடாதீர்கள். நலக் குழுவின் மேலேயே புகார் இருந்தாலும் அதைக் கேட்க வேண்டியவர் அவர்தான், சட்டத்திலேயே இருக்கிறது, பிள்ளைக்குத் தொடர்புள்ள யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். சென்னை என்றால் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் திங்கட்கிழமை மனு வாங்குவார்கள். மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் ஒரு நகல் போடுங்கள். அது ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கும், ஆவணங்களைக் கேட்டு வாங்கும், ஆனால் கடைசியில் பரிந்துரைதான் செய்யும், அதோடு முடிந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். உயிரே போய்விட்ட, அல்லது பெரிய கேடு நடந்துவிட்ட விஷயத்தில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு அரசிடம் இழப்பீடு கேட்கலாம். காவலில் ஒருவர் இறந்தால் அரசே இழப்பீடு தர வேண்டும் என்று 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எங்கே கொடுத்தாலும் பிள்ளையின் போட்டோவையும் பெயரையும் வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள். கோபத்தில் நிறையப் பேர் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். அடையாளத்தை வெளியிடுவது 74-வது பிரிவில் குற்றம், 6 மாதம் வரை ஜெயில் அல்லது 2 லட்சம் வரை அபராதம், இல்லாவிட்டால் ரெண்டும், பெற்றவர்களுக்கென்று அதில் விலக்கு எழுதி வைக்கவில்லை.

ஆய்வு அறிக்கைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில். "குழந்தைகளின் ரகசியம்" என்று தட்டிக் கழிப்பார்கள். பெயர்களை மறைத்துவிட்டு மற்றதைக் கொடுங்கள் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள், அப்படிப் பிரித்துக் கொடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. போன வருஷம் முழுக்க இந்த இல்லத்துக்கு ஆய்வுக் குழு வந்த தேதிகள், வந்தவர்களின் பதவி, சொன்ன குறைகள், அதன் மேல் எடுத்த நடவடிக்கை, இந்த நாலும் போதும். தனியார் இல்லம் என்றால் பதிவு எண்ணையும் அது எப்போது முடிகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பதிவு 5 வருஷத்துக்குத்தான். பதிவே இல்லாமல் பிள்ளைகளை வைத்திருந்தால் ஒரு வருஷம் வரை ஜெயில், இல்லாவிட்டால் 1 லட்சத்துக்குக் குறையாத அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

இன்னொன்று. வறுமையால் பிள்ளையை ஹோமில் விடலாமா என்று யோசிப்பவர்களுக்காக. ஹோம் என்பது கடைசி வழிதான் என்று சட்டமே சொல்கிறது. கணவரை இழந்த, கைவிடப்பட்ட அம்மாக்களின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது, நகரத்தில் வருஷ வருமானம் 96,000-க்குள் இருக்க வேண்டும், மனு போக வேண்டியது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு.

அக்கா கடைசியில் ஒரு திங்கட்கிழமை இட்லிக் கடையை மூடிவிட்டு மனுவோடு போனார். உத்தரவு நகல் அந்த வாரமே வந்தது, பையன் அதற்கடுத்த வாரம் வீட்டுக்கு வந்தான். கன்னம் எப்படி வீங்கியது என்பதற்கு மட்டும் இன்னும் எழுத்தில் பதில் வரவில்லை. அந்த மனுவின் ரசீதை அக்கா கடை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிறார், நானும் அதை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.