அரசமைப்பு நிபுணர் வேட்பாளராக வரும்போது

மலேசியாவில், பெர்ணம் ஆற்றின் பேரா மாநிலக் கரையிலுள்ள ஊத்தான் மெலிந்தாங்கில் வழக்கறிஞராக இருப்பதால், தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஒரு கேள்வியை எதிர்கொள்கிறேன்: அரசமைப்புச் சட்டம் கரைத்துக் குடித்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் குடியுரிமைச் சிக்கல்கள் தீர்ந்துவிடுமா?

அக்கரையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. அரசமைப்புச் சட்டப் பேராசிரியர் அப்துல் அசிஸ் பாரி 2013இல் சபாக் பெர்ணம் நாடாளுமன்றத் தொகுதியில் போட்டியிட்டுத் தோற்றார். 2018இல் பேராவின் தெபிங் திங்கியில் வென்று சட்டமன்றம் சென்றார். ஆனால் குடியுரிமை கூட்டரசின் அதிகாரம். எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும், மாநிலச் சட்டமன்றத்தில் இருந்துகொண்டு அதில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது.

தோட்டப்புறத்திலிருந்து என் மேசைக்கு வரும் பிறப்புப் பத்திரங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. தகப்பனின் நீல (குடிமகனுக்குரிய) அடையாள அட்டை நகல் கூடவே இணைக்கப்பட்டிருக்கும். குடியுரிமைக் கட்டத்திலோ 'புக்கான் வார்காநெகாரா' (குடிமகன் அல்லர்) என்றிருக்கும். 1982 மார்ச் 1க்குப் பின் கோயிலில் தாலி கட்டியது மட்டும் சட்டப்படி திருமணம் ஆகாது. அப்படிப் பதியாத உறவில் பிறந்த பிள்ளைக்கு, அரசமைப்பின் இரண்டாம் அட்டவணை மூன்றாம் பகுதியின் 17ஆம் பிரிவு, தகப்பன் என்ற இடத்தில் தாயையே வைத்துப் பார்க்கிறது. தாய்க்கு ஆவணம் இல்லையென்றால் தகப்பனின் குடியுரிமை பிள்ளைக்குக் கைகொடுப்பதில்லை. பெற்றோர் பின்னால் பதிந்துகொண்டாலும் பிறந்த நேரத்து நிலையே கணக்கில் வரும் என்று, வெளிநாட்டில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கில் 2021இல் கூட்டரசு நீதிமன்றம் 4-3 பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

"ஒய்.பி.கிட்ட (மக்கள் பிரதிநிதியிடம்) ஒரு கடிதம் வாங்கினா போதாதா, லாயர்?" என்கிறார்கள். ஆதரவுக் கடிதம் தூங்கும் கோப்பை எழுப்பலாம், 17ஆம் பிரிவை அசைக்காது. அதைத் திருத்த மக்களவையிலும் மேலவையிலும் பெரும்பான்மை ஆதரவு வேண்டும். நிபுணர் தனியாளாகச் செய்யக்கூடியது, மசோதாவின் வாசகத்தில் உள்ள ஓட்டையைக் குழு நிலை விவாதத்திலேயே பிடிப்பதும், அமைச்சரை மழுப்ப விடாமல் கேள்வி கேட்பதும்தான். அது சிறிய வேலையல்ல என்பது என் கருத்து. எனவே ஓட்டுக் கேட்டு வருபவரிடம் பட்டத்தை விட்டுவிட்டு, 17ஆம் பிரிவைத் திருத்த உங்கள் கட்சி வாக்களிக்குமா என்று கேளுங்கள்.

பாதிக்கப்பட்ட பிள்ளையைக் குடிமகனாகப் பதிய அரசமைப்பின் 15A பிரிவின்கீழ் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு இருப்பதால் தேர்தல் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். திருமணம் செய்யவிருப்பவர்கள் தாலி கட்டும் நாளுக்கு முன்பே தேசியப் பதிவிலாகாவில் மனுப் பாரத்தைக் கொடுத்துவிடுங்கள். சில கோயில்களில் திருமணத் துணைப் பதிவாளரே இருக்கிறார். மண்டபத்துக்கு முன்பணம் கட்டும்போதே அதையும் விசாரித்துக்கொள்ளலாம்.