டிடிஆர்: இருமடங்குத் தரவு வீதம்

புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் லாரன்ஸ் சாலையிலோ ஒரு கணினிக் கடையில் “எட்டு ஜிபி ராம் வேண்டும்” என்று கேட்டால், விலையைச் சொல்வதற்கு முன் “டிடிஆர் த்ரீயா, ஃபோரா?” என்றுதான் கடைக்காரர் கேட்பார். மேசைக் கணினிக்கு நினைவகம் வாங்கப் போகும் பலர் கொள்ளளவை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு போகிறார்கள். வாங்கியது பொருந்துமா என்பதை முதலில் தீர்மானிப்பதோ இந்த மூன்றெழுத்தும் அதை ஒட்டி வரும் எண்ணும்.

டிடிஆர் என்பது ‘டபுள் டேட்டா ரேட்’ என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம். இதற்கு முந்திய வழக்கமான நினைவகங்கள் கடிகாரத் துடிப்பு (நினைவகத்தின் வேலைக்குத் தாளம் போடும் மின் துடிப்பு) ஒன்றுக்கு ஒருமுறைதான் தரவை அனுப்பின. குறிஞ்சிப்பாடித் தறியில் நாடா போகும்போது ஓர் இழையும் திரும்பும்போது ஓர் இழையும் விழுவதுபோல, டிடிஆர் நினைவகம் துடிப்பு ஏறும்போதும் இறங்கும்போதும் தரவை அனுப்புகிறது. ஜெடெக் என்னும் தர நிர்ணய அமைப்பு இதற்கான வரையறையை 2000-இல் வெளியிட்டது. பழைய வகைக்கு ‘ஒற்றை வீதம்’ என்ற அடைமொழி ஏற்பட்டதே இதற்குப் பிறகுதான்.

தமிழில் ‘இரட்டைத் தரவு வீதம்’ என்று எழுதுவோர் உண்டு. ‘டேட்டா’வின் லத்தீன் மூலத்துக்குக் ‘கொடுக்கப்பட்டவை’ என்று பொருள்; ‘தரவு’ என்பதும் ‘தரு’ என்னும் வினையடியாகப் பிறந்ததாகையால் அச்சொல்லில் குறையில்லை. (கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றே பெயர், அது வேறு.) ஆனால் ‘இரட்டை’ என்ற அடை தரவோடு ஒட்டிக்கொண்டு, ஒரே தரவு இரண்டு பிரதியாகச் செல்வதாகப் பொருள்பட இடம் தருகிறது. இரட்டிப்பது வீதமே ஆதலால், ‘இருமடங்குத் தரவு வீதம்’ என்பதே பொருத்தமானது.

பின்னால் வரும் எண் மடங்கைக் குறிப்பதன்று, தலைமுறையைக் குறிப்பது: டிடிஆர்3 வரையறை 2007-இலும், டிடிஆர்4 2012-இலும், டிடிஆர்5 2020-இலும் வெளியாயின. டிடிஆர்3 நினைவகப் பட்டைக்கு 240 தொடுமுனைகளும் (பின்கள்) 1.5 வோல்ட் மின்னழுத்தமும் வரையறுக்கப்பட்டன. டிடிஆர்4 பட்டைக்கு 288 தொடுமுனைகளும் 1.2 வோல்ட்டும். டிடிஆர்5 பட்டைக்கும் அதே 288 தொடுமுனைகள்தாம் என்றாலும், அழுத்தம் 1.1 வோல்ட்டாகக் குறைந்து, மின்னழுத்தத்தைச் சீராக்கும் பொறுப்பு தாய்ப்பலகையிலிருந்து (மதர்போர்டு) பட்டைக்கே வந்துவிட்டது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஏறிவிடாதபடி, தொடுமுனை வரிசையின் நடுவே உள்ள சிறு வெட்டு ஒவ்வொரு தலைமுறையிலும் சற்று விலகி அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த வெட்டு செருகுவாயின் மேட்டோடு நேர்படாதபோது விரலால் அழுத்தினால் பட்டையோ செருகுவாயோ சேதமாகலாம்.

ஆகவே பழைய பட்டையைக் கழற்றி அதன் ஒட்டுத்தாளைப் படித்துவிட்டுக் கடைக்குச் செல்வது நல்லது. ‘பிசி4-25600’ என்றிருந்தால் ‘பிசி4’ டிடிஆர்4-ஐக் குறிக்கும். 25600 என்பது வினாடிக்கு எத்தனை மெகாபைட் என்ற கணக்கு. இதையே கடைச்சீட்டில் ‘3200 மெகாஹெர்ட்ஸ்’ என்று எழுதுவார்கள். உண்மையில் கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸில்தான் துடிக்கிறது. 3200 என்பது வினாடிக்கு நிகழும் பரிமாற்றங்களை மில்லியனில் சொல்வது; ஒவ்வொன்றிலும் எட்டு பைட் செல்வதால் அதுவே 25600 மெகாபைட் ஆகிறது. இதனோடு ஒரு 2666 பட்டையைச் சேர்த்துப் பொருத்தினால், இரண்டும் பெரும்பாலும் 2666-இலேயே ஓடும்.