“எங்க கடையில யாரும் சாதி பாக்குறதில்ல சார்”

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில வேலை பாக்குறேன். முதலாளி தங்கமானவர், சாதிப் பேச்சே எடுக்க மாட்டார். ஆனா பத்துப் பேர்ல எட்டுப் பேர் ஒரே வகையறா. எப்படி சார்?”

சதியெல்லாம் தேவையில்லை. ஆள் நின்றுபோனால், “தெரிஞ்ச பையன் இருந்தா கூட்டிட்டு வாப்பா” என்று சொல்லும் பழக்கம் ஒன்றே போதும்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊரில் அந்த வகையறா சரிபாதி என்று வையுங்கள். யாராக இருந்தாலும் பத்துக்கு ஒன்பது தடவை தன் வகையறாப் பையனைத்தான் கூட்டிவருவார். வருஷத்துக்கு ஒருவர் வேலையை விட்டு நிற்கிறார். புதிதாக வருபவரும் அதே வகையறாவாக இருக்க வாய்ப்பு 0.8 × 0.9 + 0.2 × 0.1, அதாவது 74 சதவீதம். எண்பதைவிடக் குறைவுதான், ஆகவே கரையும். ஆனால் 80 சதவீதம் 65க்கு இறங்கவே சுமார் 34 வருஷம் ஆகும்! இன்று சேரும் பையன் அதற்குள் தாத்தாவாகிவிடுவான்.

நிஜத்தில் ஆள் கூட்டிவரும் உரிமை எல்லோருக்குமா இருக்கிறது? சூப்பர்வைசருக்கும் இரண்டு பழைய ஆட்களுக்கும்தான். அவர்களும் அந்த எட்டுப் பேருக்குள்ளேயே இருந்தால் 80 இறங்காது, 90ஐப் பார்த்து ஏறும். யாரும் யாரையும் வெறுக்காமலே. சமூகவியலாளர் சார்லஸ் டில்லி இதை வாய்ப்புப் பதுக்கல் என்றார். அரிசிப் பதுக்கலுக்காவது ரெய்டு வரும்.

பெரிய கம்பெனிகளில்? ஆய்வாளர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தம் 4,808 விண்ணப்பங்கள் போயின; பெரும்பாலானவற்றில் தகுதி ஒன்று, பெயர் மட்டும் வேறு. தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு குறைந்தது. நாம் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்டவர்கள், பெயரில் தெரியாது. அதனால்தான் இன்டர்வியூவில் “சொந்த ஊர் எது? ஊருக்குள்ள எந்தத் தெரு?” என்று விசாரிக்கிறார்கள்.

அந்த ஆய்வுக்கு வேண்டியது தாளும் தபால்தலையும் பொறுமையும். மதுரையில் இப்படி ஒன்று செய்ய யாராவது பணம் தரக் கூடாதா? வாஸ்துக்காரர் சொன்னார் என்று கல்லாவைத் திருப்பி வைக்க ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

கேட்ட வாசகருக்கு இன்னொரு கணக்கு. எல்லோருமே ஆள் சொல்லட்டும். ஆனால் இரண்டில் ஒரு வேலைக்கு வாசலில் ‘ஆள் தேவை’ போர்டு தொங்கவிட்டு, வருபவர்களில் குலுக்கல் போட்டு எடுக்கட்டும். அந்த 34 வருஷம் 11 ஆகிவிடுகிறது.