படகின் புரொப்பெல்லருக்கு எத்தனை அங்குல பிட்ச்?

உல்லாசப் படகு ஒன்றின் புரொப்பெல்லரை, அதாவது நீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறியை, கழற்றிப் பார்த்தால் அதில் 14 × 19 என்பது போல இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது விட்டம், அங்குலத்தில். இரண்டாவதுதான் பிட்ச். தண்ணீர் கொஞ்சமும் விலகிக்கொடுக்காது என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றில் புரொப்பெல்லர் எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு அது. விட்டத்தைப் பெரும்பாலும் எஞ்சினின் கீழ்ப்பகுதியும் கியர் விகிதமுமே தீர்மானித்துவிடும். படகுக்காரர் யோசிக்க வேண்டியது பிட்ச்சைப் பற்றித்தான். அதில் தவறினால் எஞ்சினின் ஆயுளே குறையும்.

பிட்ச் கூடக் கூட வேகமும் கூடும் என்றுதான் முதலில் தோன்றும். கணக்குப் போட்டே பார்ப்போம். எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்று, கியர் விகிதம் 2:1 என்றால் புரொப்பெல்லர் 2,750 முறை சுற்றும். 19 அங்குல பிட்ச்சுக்கு அது நிமிடத்துக்கு 52,250 அங்குலம், அதாவது மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர். ஆனால் ஜிபிஎஸ் காட்டுவது 70 ஆக இருக்கும். விடுபட்ட அந்த 12 சதவீதத்தைத்தான் ஸ்லிப் என்கிறோம், நழுவல்.

இந்த நழுவலை முழுக்க வீண் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. புரொப்பெல்லரின் ஒவ்வொரு இறக்கையும் விமான இறக்கையைப் போலத்தான் வேலை செய்கிறது. எதிர்வரும் நீரை ஒரு சிறு கோணத்தில் சந்தித்தால்தான் ஒரு பக்கம் அழுத்தம் குறைந்து, மறுபக்கம் கூடி, உந்துவிசை பிறக்கும். நழுவலே இல்லையென்றால் அந்தக் கோணமும் இல்லை, படகைத் தள்ள விசையும் ஏறக்குறைய இருக்காது. மூக்கைத் தூக்கி நீர்ப்பரப்பின் மேல் ஏறி ஓடும் சாதாரண உல்லாசப் படகுகளில் 10 முதல் 20 சதவீதம் வரை நழுவல் இயல்பு. கனமான, மெதுவாகப் போகும் படகுகளில் இதைவிட அதிகம். லேசான, வேகமான படகில் 30 சதவீதம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். எஞ்சினை அதிக உயரத்தில் மாட்டியிருக்கலாம், இறக்கை வளைந்திருக்கலாம், அடிப்பகுதியில் பாசி படிந்திருக்கலாம்.

சரி, எத்தனை அங்குலம் என்று எதை வைத்து முடிவு செய்வது? வேகத்தை வைத்து அல்ல, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டரை வைத்து. முழு திராட்டிலில், அதாவது வேகக் கைப்பிடியை முழுக்கத் தள்ளும்போது, எஞ்சின் எத்தனை சுற்று வரை போகலாம் என்று ஒவ்வொரு எஞ்சினின் கையேட்டிலும் ஒரு வரம்பு இருக்கும். படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்கள் பலவற்றில் இது 5,000 முதல் 6,000 வரை. படகில் வழக்கமான சுமை இருக்கும்போது, முழு திராட்டிலில் முள் இந்த வரம்பின் மேல் பாதியில் நிற்க வேண்டும். அப்படி நிற்கவைக்கும் பிட்ச்தான் அந்தப் படகுக்குச் சரியான பிட்ச்.

"நான் முழு திராட்டிலில் ஓட்டுவதே இல்லையே, எனக்கு எதற்கு இது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். புரொப்பெல்லரைச் சுழற்றத் தேவைப்படும் சக்தி, சுற்று வேகத்தின் மும்மடியை ஒட்டி ஏறுகிறது. 80 சதவீத வேகத்தில் சுற்ற, உச்சத்தில் வேண்டிய சக்தியில் சுமார் பாதி போதும். எஞ்சின் தரக்கூடிய சக்தியோ அப்படிச் செங்குத்தாக ஏறுவதில்லை. ஆகவே எஞ்சினின் முழுத் திறனும் புரொப்பெல்லரின் தேவையும் சமமாவது ஒரே ஒரு சுற்று வேகத்தில்தான். அந்த இடத்தை முழு திராட்டிலில் மட்டுமே கண்ணால் பார்க்க முடியும். அது 4,500-க்கு இறங்கியிருந்தால், நீங்கள் நிதானமாக 3,500-இல் போகும்போதும் எஞ்சின் தன் அளவுக்கு மீறிய பாரத்தைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும்.

பிட்ச் அதிகமான படகு, டாப் கியரில் மேடு ஏறும் பைக் மாதிரி. திராட்டில் முழுக்கத் திறந்திருக்கும், சுற்று மட்டும் ஏறாது. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் கூடி, எரிபொருள் நேரம் தப்பி வெடிக்கும். அது நீடித்தால் பிஸ்டன் பழுதாகும். எஞ்சின் தன் உச்ச சக்தியை எட்டவே முடியாததால், வேகத்துக்காகப் போட்ட பெரிய பிட்ச்சே வேகத்தையும் குறைத்துவிடும். பிட்ச் குறைந்தால் நேர்மாறு: படகு சட்டென்று கிளம்பும், ஆனால் எஞ்சின் வரம்பைத் தாண்டிச் சுற்றும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் முதலாவது என்பேன். அதிகச் சுற்று காதில் விழும், பல எஞ்சின்களில் அதைத் தடுக்கும் ஏற்பாடும் உண்டு. அதிகப் பாரம் சத்தமில்லாமல் எஞ்சினைத் தின்னும்.

சோதனை எளிது. வழக்கமாக வரும் ஆட்கள், எரிபொருள், சாமான்களோடு அமைதியான நீரில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் முழு திராட்டில் கொடுங்கள். எஞ்சினின் சாய்வைச் சரிசெய்து சுற்று நிலைத்ததும் மீட்டரைப் படியுங்கள். காற்றும் நீரோட்டமும் ஏமாற்றாமல் இருக்க எதிர்த்திசையிலும் ஒருமுறை. பிட்ச் ஓர் அங்குலம் மாறினால் சுமார் 150 முதல் 200 சுற்று மாறும். 21 அங்குலத்தில் 4,700 வருகிறது, வரம்பு 5,000–6,000 என்றால், 15-க்கு இறங்கினால் 5,600-க்கும் 5,900-க்கும் நடுவே, வரம்பின் மேல் பாதியில் வந்து நிற்கும்.

ஆனால் புதிது வாங்கும் முன் பழையதை ஒருமுறை பாருங்கள். பல புரொப்பெல்லர்களின் நடுவே ஒரு ரப்பர் புஷ் இருக்கும். அதன் பிடி தளர்ந்தால் எஞ்சின் சுற்றும், படகு நகர மறுக்கும், பழி பிட்ச் மேல் விழும். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, உள்குழாயிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளிக்குடம் வரை பெயின்ட்டால் ஒரு நேர்கோடு போடுங்கள். ஓட்டிவிட்டு வந்து பார்க்கும்போது கோடு உடைந்து விலகியிருந்தால் குற்றவாளி அந்த ரப்பர்தான்.

பிட்ச் எண் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டு புரொப்பெல்லர்கள் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. இறக்கையின் பின்விளிம்பில் கிண்ணம் போல ஒரு சிறு மடிப்பு இருந்தால் அது நீரை இறுகப் பிடித்து, சுற்றைச் சற்று இழுத்துப் பிடிக்கும். அலுமினிய இறக்கை பாரத்தில் லேசாக வளைந்துகொடுக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அவ்வளவு வளையாது. மூன்று இறக்கையிலிருந்து நான்குக்குப் போனால் பிடிப்பு கூடும், சுற்று குறையும், அதனால் பலர் பிட்ச்சையும் ஓர் அங்குலம் குறைப்பார்கள்.

இறக்கைப் பரப்பு கூடினால் உராய்வும் கூடும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1837-இல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர், புரொப்பெல்லராக இரண்டு முழுச் சுற்று கொண்ட நீளமான மரத் திருகு மாட்டிய படகை லண்டனின் பாடிங்டன் கால்வாயில் ஓட்டிப் பார்த்தார். எதிலோ மோதித் திருகில் பாதி உடைந்து போனது. படகோ முன்பைவிட வேகமாக ஓடியது! அப்புறம் அவர் ஒரே சுற்றுள்ள திருகையே பயன்படுத்தினார்.

உயரமும் கணக்கில் சேரும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். கடல்மட்டத்தில் சரியாக ஓடிய புரொப்பெல்லர் 1,500 மீட்டர் உயரத்து ஏரியில் பாரமாகிவிடும். சுமைக்கும் இதே விதி. தனியாக மீன் பிடிக்கப் போவதும், ஆறு பேரை ஏற்றிக்கொண்டு பின்னால் நீர்ச்சறுக்கு வீரரை இழுப்பதும் எஞ்சினுக்கு வேறு வேறு வேலைகள். இரண்டையும் ஒரே புரொப்பெல்லரில் செய்வதானால் கனமான வேலைக்கு ஏற்ற பிட்ச்சைப் போட்டு, தனியே போகும்போது திராட்டிலைச் சற்றுக் குறைத்துக்கொள்வதே எஞ்சினுக்கு நல்லது. அடிக்கடி இரண்டும் வேண்டும் என்பவர்கள் இரண்டு அங்குல வித்தியாசத்தில் இன்னொன்று வைத்துக்கொள்ளலாம். கல்லில் அடிபட்டு ஓர் இறக்கை போனால் கரை சேரவும் அதுவே உதவும், கழற்றி மாட்டும் ஸ்பேனரும் படகிலேயே இருந்தால்.