சப்சிடி: மானியமா, முட்டா?

2023 மே 29 அன்று அபுஜாவின் ஈகிள் சதுக்கத்தில் நைஜீரியாவின் புதிய அதிபராகப் பதவியேற்ற போலா தினுபு, உரையின் நடுவே "பெட்ரோல் சப்சிடி போய்விட்டது" என்று ஒரு வரி சொன்னார். அவ்வளவுதான். அன்றைக்கே பங்க்குகளில் வரிசை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள், இரண்டே நாளில் லிட்டர் 200 நைராவுக்குக் கீழே இருந்த பெட்ரோல் லேகோசில் 488, வடக்கே 557 வரை என்று ஆகிவிட்டது. தமிழில் இதைச் சொல்ல வந்தால் கை தானாக "மானியம் ரத்து" என்று எழுதிவிடும், நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். ஆனால் நைஜீரியக் கதையை உள்ளே போய்ப் படிக்கப் படிக்க, இந்த இடத்தில் மானியம் என்ற சொல் பொருந்தவில்லை என்று தோன்ற ஆரம்பித்தது. ஏன் என்று சொல்ல, சப்சிடி எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இலத்தீனில் சப்சிதியம். சப் என்றால் கீழே, பின்னால். செதேரே என்றால் உட்கார்தல். பின்னால் உட்கார்ந்திருப்பது என்று பொருள். பழைய ரோமப் படை மூன்று வரிசையாக நிற்கும், முதல் இரண்டும் சண்டை போட, மூன்றாவது வரிசையில் இருந்த மூத்த வீரர்கள் முட்டி போட்டு உட்கார்ந்து காத்திருப்பார்கள். முன்வரிசை தளர்ந்தால்தான் எழுவார்கள். அந்தக் காப்புப் படைக்குத்தான் முதலில் இந்தப் பெயர். அதிலிருந்து "தேவைப்படும்போது வரும் துணை" என்று பொருள் விரிந்தது. அதில் பணமும் இல்லை, பெட்ரோலும் இல்லை.

பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது பணம் சேர்ந்துகொண்டது, ஆனால் பணம் போன திசையைப் பாருங்கள்: நாடாளுமன்றம் வரி போட்டு மன்னருக்குக் கொடுத்த பணம்தான் சப்சிடி. மக்கள் கொடுத்தார்கள், அரசர் வாங்கினார், பெரும்பாலும் போர்ச் செலவுக்கு. 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் தன் கூட்டாளி நாடுகளுக்குப் படை நடத்தக் கொடுத்த பணத்துக்கும் இதே பெயர்தான். அரசு தன் மக்களுக்கோ தொழிலுக்கோ கொடுப்பது என்ற இன்றைய பொருள் பின்னால் வந்தது.

நடுவில் நம் பக்கம் ஒரு கிளை உண்டு. பள்ளிப் பாடத்தில் வெல்லெஸ்லியின் துணைப்படைத் திட்டம் என்று படித்திருப்போமே, அந்தத் "துணை"யின் ஆங்கில மூலம் இதே வேர்ச்சொல்தான். 1798இல் ஐதராபாத் நிசாம், 1799இல் தஞ்சாவூர் சரபோஜி என்று வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். கம்பெனியின் படை மன்னரைக் "காக்கும்", அந்தப் படைக்கான செலவை மன்னர் கொடுக்க வேண்டும், அவர் கொடுக்கும் அந்தப் பணத்தின் பெயர் சப்சிடி. 1800இல் நிசாம் பணத்துக்குப் பதிலாகப் பெல்லாரி, கடப்பா பகுதிகளையே எழுதிக் கொடுத்துவிட்டார். துணை என்று பெயர், கொடுத்தவர் கையில்தான் ஒன்றும் மிஞ்சவில்லை. தமிழில் அதைத் "துணைப்படை" என்று எழுதியவர் யாரோ, ரோமப் பொருளைச் சரியாகப் பிடித்திருக்கிறார்.

அப்புறம் மானியம். இது வடமொழி மான்ய என்பதன் தமிழ் வடிவம், மதிப்புக்குரிய என்று பொருள். சன்மானம், அவமானம் எல்லாம் ஒரே குடும்பம். கோயிலுக்கும் அறிந்தோருக்கும் ஊர் ஊழியம் செய்தவர்களுக்கும் வரி நீக்கிக் கொடுத்த நிலம்தான் மானியம். விசயநகரக் காலக் கல்வெட்டுகளில் சர்வமானியம் என்று வரும், எல்லா வரியும் நீக்கியது என்று அர்த்தம். சோழர் கல்வெட்டுகளில் இதற்கு நல்ல தமிழ்ச்சொல்லே இருக்கிறது: இறையிலி. இறை என்றால் வரி, வரியில்லாதது இறையிலி. அழகான சொல், ஆனால் இன்றைய சப்சிடிக்கு உதவாது, அது வரிவிலக்கு.

மானியத்தில் எனக்கு இரண்டு சிக்கல். ஒன்று, ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டோம். சட்டமன்றத்தில் "மானியக் கோரிக்கை" என்றால் துறைக்கு நிதி ஒதுக்கக் கேட்பது. கேஸ் சிலிண்டர் மானியம் என்றால் வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவில் இருப்பது மூன்றாவது, அதைச் சிலர் நல்கைக் குழு என்று எழுதுகிறார்கள், அது சரியான வழி. நிதியாகக் கொடுத்துவிடுவது நல்கை. இரண்டாவது சிக்கல்தான் பெரியது. மானியம் என்ற சொல்லுக்குள் மேலே ஒருவர் உட்கார்ந்துகொண்டு கீழே இருப்பவரைக் கௌரவித்து எதையோ தருகிற தோரணை இருக்கிறது. பெட்ரோல் விலை விஷயத்தில் அந்தத் தோரணையைத்தான் நைஜீரியர்கள் பல வருடங்களாகக் கேள்வி கேட்கிறார்கள்: யார் யாருக்குக் கொடுக்கிறார்கள்?

கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நைஜீரியா ஆப்பிரிக்காவின் பெரிய எண்ணெய் உற்பத்தி நாடு. போர்ட் ஹார்கோர்ட், வாரி, கதுனா என்று அரசுச் சுத்திகரிப்பு ஆலைகள் இருந்தும் அவை பல வருடங்கள் முடங்கிக் கிடந்தன. கச்சா எண்ணெயை விற்றுவிட்டு பெட்ரோலை இறக்குமதி செய்யும் நிலை. கப்பலில் வந்து இறங்கும் விலைக்கும் பங்க்கில் அரசு நிர்ணயித்த விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் சப்சிடி. மின்சாரம் நம்பகமில்லாத நாடு என்பதால் பெட்ரோல் வண்டிக்கு மட்டுமல்ல, வீட்டு ஜெனரேட்டருக்கும் கடை ஜெனரேட்டருக்கும் வேண்டும். அங்கே சின்ன ஜெனரேட்டருக்கு மக்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் "பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் மேல்". மற்ற எதிலும் அரசு கண்ணில் படாத ஊரில், எண்ணெய் வளத்தில் தனக்குக் கிடைக்கும் ஒரே பங்கு மலிவு பெட்ரோல்தான் என்று சாதாரண ஆள் நினைத்தால் அதில் தப்பு சொல்ல முடியுமா? அவரிடம் போய் "உனக்கு மானியம் தருகிறோம்" என்றால் சிரிப்பார்.

அதே சமயம் அந்தப் பணம் போன வழியும் சுத்தம் கிடையாது. மலிவு பெட்ரோல் எல்லை தாண்டி பெனின், டோகோ, கேமரூன் என்று கடத்தப்பட்டது. பெனினில் சாலையோரத்தில் பாட்டிலில் விற்கும் கடத்தல் பெட்ரோலுக்குக் "பயோ" என்று தனிப்பெயரே உண்டு. தினுபு அறிவித்த சில நாளில் அங்கேயும் விலை ஏறியது, அதாவது நைஜீரியக் கஜானா பக்கத்து நாட்டு பைக்குகளுக்கும் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தது. 2012இல் நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்து, இறக்குமதி செய்யாத பெட்ரோலுக்கெல்லாம் பணம் வாங்கியிருக்கிறார்கள், ஒரு லட்சம் கோடி நைராவுக்கு மேல் திருப்பிக் கட்ட வேண்டும் என்றது. அந்தக் குழுவின் தலைவரே ஓர் எண்ணெய் வியாபாரியிடம் லஞ்சம் வாங்கிய வழக்கில் பின்னர் தண்டனை பெற்றார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

கட்சி அரசியலுக்கு வருவோம், இங்கேதான் சொல் வேடம் மாற்றுகிறது. 2012 சனவரி 1 அன்று, புத்தாண்டுப் பரிசாக, பிடிபி (மக்கள் ஜனநாயகக் கட்சி) அதிபர் குட்லக் ஜோனத்தன் சப்சிடியை ஒரே அடியில் நீக்கினார். 65 நைரா 141 ஆனது. நாடே தெருவுக்கு வந்தது, வேலைநிறுத்தம், கடையடைப்பு, கடைசியில் 97க்கு இறங்கி வந்தார். அப்போது எதிர்க்கட்சி வரிசையிலிருந்து அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? இதே தினுபு. மக்களோடு செய்த ஒப்பந்தத்தை அதிபர் மீறிவிட்டார் என்று கட்டுரையே எழுதினார். 2013இல் எதிர்க்கட்சிகள் சேர்ந்து ஏபிசி (அனைத்து முற்போக்காளர் காங்கிரஸ்) என்ற கட்சி உருவானது, 2015இல் 16 வருட பிடிபி ஆட்சியை வீழ்த்தி முகம்மது புகாரி வந்தார். 2016இல் பெட்ரோலை 86.50 நைராவிலிருந்து 145க்கு உயர்த்தினார்கள். அதன் பிறகு எண்ணெய் விலையும் ஏறி நைராவும் சரிய, பழைய வித்தியாசம் மறுபடி வந்துவிட்டது. ஆனால் அதற்குச் சப்சிடி என்று பேர் வைக்கக் கூச்சம். அதனால் அரசு எண்ணெய் நிறுவனமான என்.என்.பி.சி. கணக்கில் புதுப்பெயர் வந்தது: அண்டர்-ரெகவரி. மீட்காமல் விட்ட பணம் என்று சொல்லலாம். நம்மூர் எண்ணெய் நிறுவனங்களும் டீசல் விலை அரசு கையில் இருந்த காலத்தில் இதே பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. மானியம் கொடுத்தால் பட்ஜெட்டில் ஒரு வரி எழுத வேண்டும், நாலு பேர் கேள்வி கேட்பார்கள். "மீட்காமல் விட்டது" என்றால் நிறுவனமே வருமானத்தில் கழித்துக்கொள்ளும். அப்படித்தான் கழித்தார்கள். 2022இல் பல மாதங்கள் என்.என்.பி.சி. கூட்டாட்சிக் கணக்கில் ஒரு நைராகூடப் போடவில்லை, மத்திய அரசும் 36 மாநிலங்களும் பங்குபோட வேண்டிய பணம் அது.

2023 தேர்தலில் வேடிக்கை என்னவென்றால், முக்கிய வேட்பாளர் மூவருமே, ஏபிசியின் தினுபு, பிடிபியின் அத்திக்கு அபுபக்கர், தொழிற்கட்சியின் பீட்டர் ஓபி, மூவருமே சப்சிடியை எடுத்துவிடுவோம் என்றுதான் சொன்னார்கள். புகாரி அரசே சூன் மாதம் வரைக்கும்தான் அதற்குப் பணம் ஒதுக்கியிருந்தது. ஆக எடுப்பதா வேண்டாமா என்பது சண்டையே இல்லை, எப்படி எடுப்பது, எடுத்த பணம் எங்கே போகும் என்பதுதான் சண்டை. தினுபு சுமார் 37 சதவீத வாக்கில் வென்றார். வந்த முதல் நாளே பெட்ரோல், அடுத்த 16ஆவது நாள், சூன் 14, மத்திய வங்கி நைராவின் மாற்று விகிதத்தையும் சந்தைக்கு விட்டுவிட்டது. ஒரு டாலர் 470 நைரா அளவில் இருந்தது, 2024இல் 1,500ஐத் தாண்டியது. பெட்ரோல் டாலரில் வாங்குவது, எனவே நைரா சரியச் சரியப் பெட்ரோல் இன்னும் ஏற வேண்டும். ஏறியது: முதலில் 617, 2024 அக்டோபரில் ஆயிரத்தை ஒட்டி. 2024 டிசம்பரில் பணவீக்கம் 34.8 சதவீதம். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 நைராவிலிருந்து 70,000 ஆக்கப்பட்டது, டாலர் கணக்கில் பார்த்தால் அது பழைய 30,000ஐவிடக் குறைவு.

இந்த இடத்தில்தான் எனக்கு வாழைத்தோட்டம் நினைவுக்கு வந்தது. குலை தள்ளிய வாழைக்குக் கம்பு வைத்து முட்டுக் கொடுப்போம். கம்பு கொடையும் இல்லை, கௌரவமும் இல்லை, பாரத்தைத் தாங்க ஓர் ஏற்பாடு. என்றைக்கும் வைத்திருந்தால் கம்புக்குச் செலவு. காற்றடிக்கும் நாளில் இரண்டு பக்கக் கம்பையும் சேர்த்து உருவினால் என்ன ஆகும் என்று தோட்டக்காரரைக் கேட்கவே வேண்டாம். சப்சிதியம் என்பதும் இதுதானே, பின்னால், கீழே உட்கார்ந்து தாங்குவது. அதனால் என் பரிந்துரை முட்டு. விலையைத் தாங்கினால் விலைமுட்டு, அதற்கு ஆகும் பணம் முட்டுத்தொகை.

சொல்லைப் பார்த்ததும் சிரிப்பவர்கள் இருப்பார்கள், தெரியும். இணையத்தில் "முட்டுக் கொடுக்கிறான்" என்றால் கட்சிக்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாதாடுகிறான் என்று ஆகிவிட்டதே. ஆகட்டும், அரசியலும் பணமும் கலந்த இந்த விஷயத்துக்கு அந்த வாடை கொஞ்சம் இருந்தால் தப்பில்லை. முட்டுப்பாடு என்றால் பற்றாக்குறை என்ற பழைய பொருளும் பக்கத்திலேயே இருக்கிறது, பங்க்கில் வரிசை நின்றவருக்கு அதுவும் பொருந்தும். விவசாயிக்குத் தருவதற்கு ஏற்கெனவே "ஆதரவு விலை" இருக்கிறது, அது விற்பவர் பக்கம் நின்று தாங்குவது. விலைமுட்டு வாங்குபவர் பக்கம் நின்று தாங்குவது. உதவித்தொகை மாணவருக்கும் முதியவருக்கும் போய்விட்டது, அதை இழுக்க வேண்டாம். சலுகை ரொம்பப் பொதுவானது. சிலிண்டர் மானியத்தை மாற்றச் சொல்லவில்லை, அது ஊரில் வேர்விட்ட சொல், இருக்கட்டும்.

கூடவே வந்த இன்னொரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன், பாலியேட்டிவ். விலையேற்றத்துக்குப் பின் நைஜீரிய அரசு கொடுத்த அரிசி, பணம் எல்லாவற்றுக்கும் அங்கே இதுதான் பெயர். 2023 ஆகஸ்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் 500 கோடி நைரா இந்தப் பெயரில் அறிவிக்கப்பட்டது. இலத்தீனில் பாலியம் என்றால் போர்வை, நோயைக் குணப்படுத்தாமல் மூடி வைப்பது. தமிழில் தணிப்புதவி என்றால் போதும்.

முட்டு உண்மையிலேயே எடுக்கப்பட்டதா என்றால், அதிலும் ஒரு சொல் விளையாட்டு. 2024 ஆகஸ்டில் என்.என்.பி.சி. நிதி அதிகாரி, நாங்கள் யாருக்கும் சப்சிடி கொடுக்கவில்லை, இறக்குமதி விலையில் பாதிக்கு விற்கச் சொல்கிறது அரசு, அந்த வித்தியாசம் வெறும் "ஷார்ட்ஃபால்", அதாவது குறைவு, என்று விளக்கினார். இது மூன்றாவது பெயர். அடுத்த மாதம் பங்க் விலை 900 நைராவை நெருங்கியது, லேகோஸ் பக்கம் லெக்கியில் இருக்கும் டாங்கோட்டே தனியார் சுத்திகரிப்பு ஆலை, ஒரு நாளைக்கு 6,50,000 பீப்பாய் திறன் கொண்டது, முதல் பெட்ரோலை வெளியே அனுப்பியதும் அதே மாதம்தான். அக்டோபர் 1 முதல் அந்த ஆலைக்குக் கச்சா எண்ணெயை டாலருக்குப் பதில் நைராவில் விற்கும் ஏற்பாடு தொடங்கியது. அதையும் ஒரு நாள் முட்டு என்று யாராவது சொல்வார்கள், அரசு அதற்கும் நான்காவதாக ஒரு பெயர் கண்டுபிடிக்கும்.