20 கிராம் பேனாவும் பெருவிரல் நோவும்

சென்ற சனிக்கிழமை மாலை, வெள்ளவத்தையில் உள்ள எங்கள் இயன்மருத்துவ அறைக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாயும் அவருடைய 22 வயது மகளும் வந்திருந்தார்கள். மகளின் வலது மணிக்கட்டை மருந்துக்கடையில் வாங்கிய பட்டியொன்று இறுக்கிப் பிடித்திருந்தது. அதன் விளிம்பில் தோல் சிவந்து தடித்திருந்தது. "பிள்ளை ஒரு பாரமும் தூக்கிறதில்ல மிஸ், வீட்டுல ஒரு வேலையும் செய்ய விடுறதில்ல. சும்மா அந்த ஐபேடில படம் கீறுறதுதான்" என்றார் தாய்.

'சும்மா படம் கீறுறதுதான்' என்பதை இந்த ஆண்டில் எத்தனை பெற்றோரின் வாயிலிருந்து கேட்டுவிட்டேன் என்று எண்ணிப்பார்க்கவே மனம் வரவில்லை. மாணவர்கள், விளம்பர நிறுவனங்களில் வேலை செய்பவர்கள், வீட்டிலிருந்தே வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வரைந்து கொடுப்பவர்கள் எனப் பலரும் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அநேகமாக எல்லோருமே நோவு தொடங்கி மூன்று நான்கு மாதங்கள் கழித்துத்தான் வருகிறார்கள்.

அந்தப் பெண்ணைப் பரிசோதிப்பதற்கு முன்னர், பையில் இருந்த ஐபேடை எடுத்து, வீட்டில் வரைவதைப் போலவே வரைந்து காட்டச் சொன்னேன். ஒரு கதாபாத்திரத்தின் தலைமுடியை இழையிழையாக வரையத் தொடங்கினார். இரண்டு நிமிடங்கூட ஆகவில்லை. சுட்டுவிரலின் நுனிமூட்டு உட்புறமாக மடங்கி, நகத்தின் அடி வெளிறிவிட்டது. பெருவிரல் பேனாவின் மீது பூட்டுப் போட்டதைப் போல இறுகியிருந்தது. ஓர் இழை மனதுக்குப் பிடிக்காவிட்டால் இடது கையின் இரு விரல்களால் திரையைத் தட்டி அதை அழிப்பார், மீண்டும் வரைவார். ஒரே இழையை ஏழு தடவை வரைந்தார் என்று நான் சொன்னபோது அவரால் நம்ப முடியவில்லை. பிறகு புரோகிரியேட் செயலியில் அந்த ஓவியத்தின் தகவல் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். இதுவரை இழுத்த கோடுகளின் மொத்த எண்ணிக்கையும் வரைந்த நேரமும் அங்கே பதிவாகியிருக்கும். எண் ஐந்து இலக்கத்தில் இருந்தது. அதை எட்டிப் பார்த்த தாய் அதன்பின் 'சும்மா' என்ற சொல்லைச் சொல்லவில்லை.

பெருவிரலுக்கு நேர்கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் எலும்பு புடைத்துத் தெரியும் இடத்தைத் தொட்டதுமே கையை இழுத்துக்கொண்டார். பெருவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள் அந்த இடத்தில் ஓர் ஒடுங்கிய உறைக்குள்ளால் போகின்றன. உறை தடித்துவிட்டால் ஒவ்வோர் அசைவும் நோகும். சுவிற்சர்லாந்தின் சத்திரசிகிச்சை நிபுணர் ஃபிரிட்ஸ் டி கேர்வெய்ன் 1895 இல் விவரித்த நோய் இது. இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. நான் பயிற்சி பெற்ற நாட்களில் இந்த நோவோடு வந்தவர்களில் பெரும்பாலானோர் கைக்குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்கித் தூக்கிக் கை நொந்த இளம் தாய்மார். இன்று அதே வாங்கில் பேனாவோடு பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள்.

பாரம் தூக்கினால்தான் கை கெடும் என்ற நம்பிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் சிகிச்சைக்கு வருவதை மாதக்கணக்கில் தள்ளிப்போடச் செய்வது அதுதான். 2015 இல் வந்த, ஐபேடில் வரையும் பேனாவான முதலாவது அப்பிள் பென்சிலின் எடை 20 கிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் கை சுமப்பது பேனாவின் எடையை அல்ல; அதை நழுவவிடாமல் பிடிப்பதற்குக் கை தானே கொடுக்கும் இறுக்கத்தைச் சுமக்கிறது. வழுவழுப்பான கண்ணாடியின் மீது பேனா முனை சறுக்குவதால், கோட்டைக் கட்டுப்படுத்தும் முயற்சியில் கடதாசியில் வரைவதைவிட இறுக்கமாகப் பிடிக்கிறோம். புறக்கோட்டையில் 10 கிலோ அரிசிப் பையைச் சுமந்து வருபவர் பஸ் தரிப்பிடம் வந்ததும் அதைக் கீழே வைத்துவிடுவார், ஏனென்றால் பாரமே அவரை இறக்கி வைக்கச் சொல்லும். பேனா அப்படிச் சொல்லாது. நான்கு மணிநேரம் கையிலேயே இருக்கும். இருக்கும் நேரம் முழுவதும் பெருவிரலின் தசைகள் தளராமல் சுருங்கியபடியே இருக்கும். எடை குறைந்த பொருள் என்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணுவது தவறு. எடை குறைவாக இருப்பதால்தான் அதை இறக்கி வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீர்வண்ணத்தில் வரைபவர் ஒரு பூச்சு காயும்வரை காத்திருக்க வேண்டும். பென்சிலைக் கூராக்க வேண்டும். தூரிகையைக் கழுவ வேண்டும். தாள் முடிந்தால் எழுந்து போய் எடுத்துவர வேண்டும். இவற்றையெல்லாம் தொல்லை என்றே நினைத்தோம், ஆனால் கை ஓய்வெடுத்தது அந்த இடைவெளிகளில்தான். டிஜிட்டல் ஓவியத்தில் வண்ணம் காய வேண்டியதில்லை, தாள் முடிவதில்லை, பிழையை ஒரு தட்டில் அழித்துவிடலாம், கண்ணிமையைத் திரை முழுவதும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு விடியும்வரை திருத்தலாம். பேனாவை மேசையில் வைக்கக் காரணமே இல்லாமல் போய்விட்டது.

எந்த வகை ஓவியம் என்பதைப் பொறுத்துப் பாதிப்பின் இடமும் மாறும். ஃபோனில் ஐபிஸ் பெயின்ட் செயலியில் விரலாலேயே வரையும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெருவிரலின் அடிமூட்டும் கழுத்தும் நோகும். மவுஸால் கட்டங்கட்டமாகப் பிக்சல் ஓவியம் செய்பவர்களுக்கு முழங்கையின் வெளிப்புறம் நோகும். பிளென்டர் போன்ற முப்பரிமாண மென்பொருள்களில் வேலை செய்பவர்கள் வரையாத இடது கையின் சின்ன விரல் நோகிறது என்று வியப்போடு வருவார்கள். விசைப்பலகையின் ஓரத்து விசைகளை நாள் முழுவதும் அழுத்திப் பிடித்திருப்பது அந்த விரல்தான். அசைவூட்டம் செய்பவர்களின் கணக்கு வேறு: நொடிக்கு 24 சட்டங்களில் (ஃபிரேம்களில்) ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினாலும், ஒரு நிமிடக் காட்சிக்கு 720 படங்கள் வேண்டும்.

ஒக்டோபரில் நாளுக்கொரு படம் வரைந்து இணையக் குழுக்களில் பகிரும் 'இன்க்டோபர்' சவாலும் எனக்குக் கவலை தருகிறது. 2009 இல் அதைத் தொடங்கிய ஓவியர் ஜேக் பார்க்கர், ஒருநாள் விட்டு ஒருநாளோ வாரத்துக்கு ஒன்றோ வரைந்தாலும் போதும் என்று விதிகளிலேயே இடம் வைத்தார். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பகுதி மட்டும் கண்ணில் படுவதில்லை. 31 படங்களையும் முடித்துவிட்டு நவம்பரில் என்னிடம் வருகிறார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வரைபவர்களின் நிலை இன்னும் சிரமமானது. கோடைகாலத்தில் நியூயோர்க்கில் மாலை 6 மணி என்றால் கொழும்பில் அதிகாலை 3.30 மணி, அந்த நேரத்துக்கு முடித்துக் கொடுப்பதற்காகக் கட்டிலில் சாய்ந்து, முழங்காலில் டெப்லட்டை நிறுத்தி, கழுத்தை மடித்து வரைகிறார்கள்.

இப்போது அந்தப் பட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணிக்கட்டை மட்டும் சுற்றும் பட்டி, பெருவிரலைச் சுதந்திரமாக விட்டுவிடுகிறது; நோயோ பெருவிரலின் தசைநாண்களில் இருக்கிறது. இந்த நோய்க்கு வேண்டியது பெருவிரலையும் சேர்த்து அசையாமல் தாங்கும் அணை, அதுவும் ஓய்வுக்காக. அதை அணிந்துகொண்டு வரைய உட்கார்ந்தால் நோவு தோளுக்கு இடம் மாறும். அடுத்தது, தயவுசெய்து, பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மணிக்கட்டைச் சின்ன விரல் பக்கமாகச் சாய்க்கும் அசைவை வீடியோவில் பார்த்துவிட்டு நாள்தோறும் பயிற்சியாகச் செய்யாதீர்கள். அது நோயைக் கண்டறிய நாங்கள் ஒரு தடவை, கவனமாகச் செய்யும் பரிசோதனை. வீங்கிய தசைநாணை உறைக்குள் இழுத்து உரசுவதை யார் உங்களுக்கு மருந்து என்று சொன்னார்கள்? தைலம் போட்டு அழுத்தி நீவுவதும் வேண்டாம்.

மாற்ற வேண்டியது வரையும் முறையை. முதலில் அழுத்தத்தைக் குறையுங்கள். 8192 அழுத்த நிலைகளைப் பிரித்தறியும் பேனாக்கள் கையில் இருக்கும்போது, தடித்த கோட்டுக்குக் குத்தி அழுத்த வேண்டிய தேவையே இல்லை. புரோகிரியேட், கிரிட்டா, கிளிப் ஸ்டூடியோ ஆகிய ஓவியச் செயலிகளில் பேனாவின் அழுத்தத்தைச் சரிசெய்யும் வளைகோடு உண்டு; அதை மேல்நோக்கி வளைத்துவிட்டால் மெல்லத் தொட்டாலே கோடு தடிக்கும். அந்தப் பெண்ணுக்கு அதை மாற்றிக் கொடுத்த சில நிமிடங்களிலேயே நகத்தில் நிறம் திரும்பியது. கோட்டைச் சீராக்கும் வசதியையும் கூட்டி வையுங்கள். அழித்து அழித்து வரைவது குறையும். பேனாவில் பஞ்சுக் குழாய் ஒன்றைச் செருகித் தடிப்பாக்குங்கள், முனையிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். திரைக்குச் சொரசொரப்பான படலம் ஒட்டலாம். நீண்ட கோடுகளை முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் இழுங்கள். மணிக்கட்டைத் திருப்பாதீர்கள், ஓவியத்தைத் திருப்புங்கள். அதற்கான வசதி அநேகமான செயலிகளில் இருக்கிறது. கட்டிலில் வரையாதீர்கள். 25 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கச் செய்து, அடித்ததும் பேனாவைக் கையிலிருந்து கீழே வையுங்கள். கையில் வைத்துக்கொண்டே ஃபோனைப் பார்ப்பது ஓய்வாகாது.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போய், கையை உதறிக்கொண்டு எழுந்தால் அது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதன் அறிகுறி; அதற்குச் சிகிச்சை வேறு. பெருவிரலின் அடிச்சதை வற்றுவது, கோப்பை கைநழுவுவது, மணிக்கட்டு சூடாகிச் சிவந்து காய்ச்சல் வருவது ஆகியவற்றுக்கு என்னைத் தேட வேண்டாம், நேரே வைத்தியரிடம் செல்லுங்கள். பணம் சேர்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலை உட்பட அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: டெப்லட்டைப் பறித்து அலுமாரியில் பூட்டாதீர்கள். பூட்டினால் பிள்ளை அடுத்த முறை நோவைச் சொல்லாது, மறைத்துக்கொண்டு ஃபோனில் வரையும். பலருக்கு இது பிழைப்பு, பலருக்கு அதைவிட மேலானது. அந்தப் பெண்ணுக்கும் வரையவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு வாரம் அணையுடன் முழு ஓய்வு. பின்னர் நாளுக்கு 10 நிமிடத்தில் தொடங்கி, நோவைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவது என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். கொடுத்த வேலையைத் தள்ளிப்போட அவகாசம் கேட்டு, அங்கேயே அமர்ந்து வாடிக்கையாளருக்கு இடது கையால் தட்டச்சு செய்தார்.

வருபவர்களில் அநேகர் எக்ஸ்-ரே படத்தைப் பத்திரமாகக் கொண்டுவருகிறார்கள். தசைநாண் எக்ஸ்-ரேயில் தெரியாது. நீங்கள் வரையும் பேனாவையும் டெப்லட்டையும் கொண்டுவாருங்கள், முடிக்காத ஓவியம் ஒன்றோடு.